மூலத்தில் இல்லாத வரி

அவரிடம் பேசினால் அவர் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். தலையைச் சாய்த்து இடது காதை நம் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மேசைமேல் இருக்கும் டேப்ரிக்கார்டரில் சத்தத்துக்கு ஆடும் முள்ளில் வைத்திருப்பார். மெஷின் ஓடாத நேரத்திலும் அப்படித்தான். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு, மனுஷன் எவ்வளவு மரியாதையாகக் குனிந்து கேட்கிறார் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தக் காதுக்கு ஆள் தேவையில்லை, சத்தம் மட்டும் போதும் என்பது அவரை வெறுக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அவர் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. தென்காசியில் எல்லோருக்கும் அவர் டேப்பு அண்ணாச்சி. ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த, பெரிய சக்கரத்தில் டேப் சுற்றி ஓடும் ஸ்பூல் மெஷின் ஒன்று அவரிடம் இருந்தது. கோயில் கொடைத் திருவிழா, வில்லுப்பாட்டு, நாதஸ்வரக் கச்சேரி என்று எது நடந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். குடியிருப்பு குற்றாலத்தில். சீசனில் வீட்டு முன்னறைகளைக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பின்கட்டில் மனைவியோடு ஒண்டிக்கொள்வார்.

யாராவது எதையாவது மறுத்துப் பேசினால் அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "டேப்பு பொய் சொல்லாதுல்லா."

கடைக்கு வந்து பேசுகிறவர்களின் பேச்சையும் அவர் பதிவு செய்வார் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. நான் நம்பவில்லை. அவர் மனைவி சொல்லித்தான் நம்பினேன்.

அந்த அக்கா செங்கோட்டைக்காரி. கல்யாணமான புதிதில் மாமியாரோடு ஏதோ சண்டை. அடுப்படியில் நின்று, "இந்தப் பொம்பள செத்தா என் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வராது" என்று கத்தியிருக்கிறாள். கூடத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அதன் பிறகு மாமியார் வாதம் வந்து படுத்து நாலு வருஷம் கிடந்து இறந்துபோனார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர், மருமகள் மகளைப்போலப் பார்த்துக்கொண்டாள் என்று நாலு நல்ல வார்த்தை சொன்னார். அண்ணாச்சி எழுந்து, "அப்படி இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மெஷினைக் கொண்டுவந்து வைத்து, அந்த டேப்பைப் போட்டுக் காட்டினார். அவருக்குக் கோபம் எதுவும் இல்லையாம். யாரோ தேதியைத் தப்பாகச் சொன்னால் திருத்துகிற மாதிரிதான் செய்தாராம்.

அக்கா அன்றைக்கே செங்கோட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மாதம் கழித்து, வேறு போக்கிடம் இல்லாமல் திரும்பி வந்தாள்.

"நான் சொன்னது நெசந்தான் டீச்சர்" என்றாள் என்னிடம். "ஆனா அதுக்குப் பொறவு நாலு வருசம் பீயும் மூத்திரமும் அள்ளினேம்லா, அது டேப்புல இல்ல."

இப்படிப்பட்ட ஆளிடம் என் குரலைக் கொடுத்தது என் தப்புத்தான். ஆனால் கொடுத்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. மேலகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். எங்கள் தெரு அம்மன் பேரில் எட்டுப் பாட்டு நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, ஒவ்வொரு நவராத்திரிக்கும் கோயிலில் பாடிவந்தேன். ஒரு வருஷம் அவர் கேட்டுவிட்டு மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அனுமதி கேட்டார். பாட்டை வீணாக்கக் கூடாது, பதிந்து வைத்துவிட வேண்டும் என்றார்.

குற்றாலத்து வீட்டில் பங்குனி மாதத்தில் பதிவு செய்தோம். அருவி வற்றி, ஆள் நடமாட்டம் இல்லாத மாதம் வேண்டும் என்று அவர்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். அறை ஜன்னல்களில் மெத்தையைத் தொங்கவிட்டார். மின்விசிறியை நிறுத்தினார். என்னை வளையலைக் கழற்றச் சொன்னார். சேலை மொடமொடக்கிறது என்று, அக்காவின் பழைய நூல் சேலை ஒன்றைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். மைக்கை என் வாய்க்கு நேரே வைக்காமல் ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வைத்தார். 'ச' வருகிற இடத்தில் காற்று அடிக்கக் கூடாதாம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பாடுவதைக் கண்டுபிடித்து நிறுத்தினார்.

"மூச்சு கேக்கணும் டீச்சர். இல்லாட்டி பொம்மை பாடுத மாதிரி இருக்கும்."

இரண்டு நாள், வேர்த்து ஊற்ற ஊற்றப் பாடினேன். முடித்ததும் முழுதையும் போட்டுக் காட்டினார். என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே தெரியாமல் அதில் ஒரு நிதானம் இருந்தது. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு முன்னால் நான் எடுக்கிற மூச்சில்கூட அந்தப் பாட்டு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அவ்வளவு கவனமாக அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் கேட்டதில்லை. அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சில வருஷங்கள் அந்த டேப் கோயில் ஒலிபெருக்கியில் மட்டும்தான் ஓடியது. பிறகு கேசட் காலம் வந்தது. அவர் ஸ்பூலிலிருந்து கேசட்டில் இறக்கி விற்க ஆரம்பித்தார். குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்கள் வாங்கிப் போனார்கள். அதற்குள் எனக்குக் கல்யாணமாகியிருந்தது. எனக்கு இரண்டு கேசட் கொடுத்தார். நான் ஒன்றை என் நாத்தனாருக்கும் இன்னொன்றை உடன் வேலை பார்த்த ஒரு டீச்சருக்கும் கொடுத்துவிட்டேன். வேண்டும்போது நானே பாடிக்கொள்ளலாம், கேசட் எதற்கு என்று நினைத்தேன்.

கேசட் தீரத் தீர, அதே ஸ்பூலை மறுபடி ஓட்டித்தான் அடுத்த தொகுதியைப் போடுவார். ஒருநாள் மாடிக்குப் போயிருந்தபோது, டேப் உரசிப் போகிற முனையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணி முழுக்கப் பழுப்புப் பொடி. உதறி ஜன்னலுக்கு வெளியே தட்டினார். ஏதோ துரு என்று நினைத்தேன். அது டேப்பிலிருந்து உதிர்ந்த என் பாட்டு என்று எனக்கு அப்போது தெரியாது.

ஸ்பூல்களை அவர் வைத்திருந்த இடம் அதைவிட மோசம். முன்னறைகள் வாடகைக்குப் போய்விடுவதால், எல்லா டேப்பும் பின்கட்டில் ஆற்றை ஒட்டிய அறையில் ஒரு இரும்பு பீரோவில் இருந்தன. சாரல் பிடித்தால் மூன்று மாதத்துக்கு அந்தச் சுவரில் தண்ணீர் கசியும். போட்ட துணி காயாது. அக்கா ஒருமுறை பீரோவைத் திறந்தபோது வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்ததாம், புளித்த வாடை அடித்ததாம். கடை மாடிக்காவது கொண்டுபோய் வையுங்கள் என்று அவள் சொன்னதற்கு அவர் சொன்ன பதில்: "மனுசனுக்குத்தான் வயசாகும். டேப்புக்கு ஏது வயசு?"

நான் பாடிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எண்பதுகளின் நடுவில், புதிய அட்டை போட்டுக் கேசட்டைத் திரும்ப வெளியிட்டார். அட்டையில் அருவிப் படம். கீழே 'புதிய ஒலியமைப்பில்' என்று அச்சடித்திருந்தது. எனக்கு அதற்குள் ஒரு மகள் இருந்தாள். சீசன் நேரத்தில் மூன்று பேருமாகக் குற்றாலம் போயிருந்தோம். பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு தெரிந்த பாட்டாக இருக்கிறதே, யாரோ மோசமாகப் பாடியிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே பத்தடி நடந்திருப்பேன். அப்புறம்தான் உறைத்தது.

வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. 'ச'வும் 'ஸ'வும் காணவே காணோம். போன கூர்மையைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று அவர் எதையோ ஏகத்துக்கும் திருகி வைத்திருக்க, பாட்டு முழுக்க எண்ணெயில் எதையோ பொரிக்கிற இரைச்சல். இடையிடையே குரல் அரை நொடி காணாமல் போய்த் திரும்பி வந்தது. எல்லாவற்றையும்விட, ஒவ்வொரு பாட்டும் ஆரம்பிப்பதற்கு முன்னால், எங்கோ தூரத்தில் நானே அந்த முதல் வரியை மெல்லப் பாடுவது கேட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், டீச்சர் பாட்டில் பேய் இருக்கிறது என்றார்கள்.

என் கணவர் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தார். இந்த விஷயமெல்லாம் அவருக்குக் கொஞ்சம் தெரியும். டேப் சுற்றினபடியே மாதக்கணக்கில் அசையாமல், அதுவும் புழுக்கத்தில் இருந்தால், ஒரு சுற்றில் இருப்பது ஒட்டினாற்போல் இருக்கும் அடுத்த சுற்றில் லேசாகப் பதிந்துவிடும் என்றார். ஈரமான செய்தித்தாளை மடித்து வைத்தால் ஒரு பக்கத்து எழுத்து எதிர்ப் பக்கத்தில் ஏறிவிடுகிற மாதிரி. அவரையே அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

டேப்பு அண்ணாச்சி காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். அந்தப் பேய்க்குரல் தான் புதிதாகச் சேர்த்த எக்கோ என்றார். இரைச்சல் எதுவும் தன் காதில் விழவில்லை என்றார். பிறகு என் கணவரிடம், நான் அங்கே இல்லாத மாதிரி, டீச்சருக்கு இப்போது தொண்டை போய்விட்டது, அதனால்தான் கேசட் அப்படி இருக்கிறது என்றார்.

நான் பாடியது பத்து வருஷத்துக்கு முன்னால். இன்றைக்கு என் தொண்டை போனால் அந்தப் பாட்டு எப்படிக் கெடும் என்று கேட்டேன். அவர் திரும்பி வேறொரு கேசட்டைப் போடப் போய்விட்டார். ஆனால் கடைக்கு வந்து குறை சொன்ன ஒவ்வொருவரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். ஊரும் நம்பியது. பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத பெண்கள் எனக்கு அதிமதுரமும் சித்தரத்தையும் சிபாரிசு செய்தார்கள். ஒரு பையனின் அம்மா, தன் பிள்ளை தப்பாகப் பாடப் பழகிவிடும் என்று அவனைப் பாட்டு வகுப்பிலிருந்தே நிறுத்திவிட்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நாலாவது பாட்டுத்தான் என்னைக் கவிழ்த்தது.

அந்தப் பாட்டில் நான் எழுதியது இப்படி:

கேட்டதைத் தராதவள் யாரோ அம்மா – நான்
கேளாமல் தந்தவள் நீயல்லவா

புதிய கேசட்டில் வந்தது இப்படி:

கேட்டதைத் தராதவள் நீயல்லவா

நடுவில் இருந்தது போய்விட்டது. அந்த இடத்தில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் இருந்தது.

அந்த வருஷம் நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது கோயில் கமிட்டியிலிருந்து கூப்பிட்டார்கள். மண்டபத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். தலைவர் என் அப்பாவின் சிநேகிதர். அம்மனையே நிந்தித்துப் பாடலாமா என்று கேட்டார். நான் முழு வரியையும் பாடிக்காட்டினேன். வருஷா வருஷம் இந்த மண்டபத்தில் இப்படித்தான் பாடுகிறேன், நீங்களே கேட்டிருக்கிறீர்களே என்றேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் நிச்சயமாக ஞாபகம் இல்லை. கோயிலில் பாட்டு பாடும்போது யார் வரி வரியாகக் கேட்கிறார்கள்?

நாலு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு பழைய கேசட்டைத் தேடினோம். நாத்தனாரிடம் கொடுத்ததில் அவள் பிள்ளைகள் வேறு பாட்டைப் பதிந்துவிட்டிருந்தார்கள். டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டாள். கடைசியில் என் கணவர் சுரண்டை பஸ்ஸில் ஒரு டிரைவரிடம் முதல் தொகுதிக் கேசட் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். வீட்டில் போட்டுப் பார்த்தோம். வரி இருந்தது. என் மூச்சும் இருந்தது. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மண்டபத்தில் அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினோம். டேப்பு அண்ணாச்சியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் ஸ்பூல் மெஷினோடு வந்திருந்தார். கேசட் ஓடி முடிகிறவரை காதைச் சாய்த்தபடியே இருந்தார். பிறகு, இது தான் போட்ட கேசட் இல்லை, யாரோ டூப்ளிகேட் போட்டு எதையோ சேர்த்திருக்கிறார்கள் என்றார்.

"காப்பியில ஆயிரம் சேக்கலாம். மூலத்தக் கேளுங்க" என்று சொல்லி ஸ்பூலை மாட்டினார்.

மூலம் ஓடியது. கேட்டதைத் தராதவள் நீயல்லவா.

"கேட்டியளா? டேப்பு பொய் சொல்லாதுல்லா."

அந்த 'டக்'கைக் காட்டி, இந்த இடத்தில் என்ன சத்தம் என்று கேட்டேன். டீச்சர் வளையல் என்றார். வளையலைக் கழற்ற வைத்ததே அவர்தான் என்றேன். அப்படியானால் வெட்டி ஒட்டியிருக்கிறதா என்று டேப்பைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று என் கணவர் கேட்டார். மூலத்தில் கை படக் கூடாது என்று சொல்லி அவர் ஸ்பூலைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். தலைவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாடுகிறவர்களுக்கு மறதி சகஜம், ஏதோ வாய் தவறியிருக்கும், இந்த வருஷம் வேறு ஆளை வைத்துக்கொள்கிறோம் என்று அன்பாகவே சொன்னார். எல்லோரும் என்னிடம் அன்பாகவே இருந்தார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளிடம் காட்டுகிற அன்பு.

இரண்டு நவராத்திரி அப்படிப் போயிற்று. என் பாட்டை வேறொருத்தி பாடினாள், நாலாவது பாட்டை விட்டுவிட்டு. அந்த நாட்களில் நான் கோயில் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போய் பஸ் பிடித்தேன்.

மூன்றாவது வருஷம் ஆவணியில் ஒருநாள் மத்தியானம், நான் வகுப்பில் இருக்கும்போது அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. மரத்தடி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, வகுப்பு முடிந்ததும் போனேன். பையிலிருந்து ஸ்பூலை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். டேப் பல இடங்களில் பழுப்பே இல்லாமல் கண்ணாடிக் காகிதம் மாதிரி இருந்தது. என் விரலெல்லாம் பொடி ஒட்டிக்கொண்டது. ஒரு இடத்தில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. அந்த இடத்தை நான் விரலால் தடவிப் பார்த்தேன்.

மதுரையிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர்கள் எட்டுப் பாட்டையும் கேட்கிறார்களாம். ஸ்பூல் ஓட மாட்டேன் என்கிறதாம், ஓட்டினால் ஒட்டிக்கொண்டு கீச்சிடுகிறதாம். மறுபடி ஒருமுறை பாடித்தர வேண்டும் என்றார்.

"அதே குரல்ல பாடணும் டீச்சர். இப்பம் இருக்கத மாதிரி இல்ல."

நான் ஸ்பூலைப் பெஞ்சில் வைத்தேன். அவர் கண் பெஞ்சில் கிடந்த ஸ்பூலில் இருந்தது. பிறகு, நாலாவது பாட்டை எப்படிப் பாட வேண்டும் என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு, உடைந்த கட்டைக் குரலில், அந்த இரண்டு வரியையும் பாடினார். யாரோ அம்மா என்று நான் இறக்குகிற அந்த இறக்கம். அதற்குப் பிறகு நான் எடுக்கிற மூச்சு. கேளாமல் என்பதில் நான் கொடுக்கிற சின்ன அசைவு. ஒன்றுகூட விடவில்லை. என் மகளுக்குக்கூட அதை நான் அவ்வளவு சுத்தமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

"அந்த வரி இருந்துதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா அண்ணாச்சி? அன்னைக்கு மண்டபத்துல ஏன் சொல்லல?"

"பூசணம் புடிச்சு ஒட்டிக்கிட்டு. ஒரு கை நீளம் வெட்டி எடுக்க வேண்டியதாப் போச்சு" என்றார். பிறகு, எனக்குப் புரியவில்லையே என்கிற மாதிரி, "கேட்டது டேப்பத்தான. டேப்புல இல்லையே" என்றார்.

மன்னிப்பு என்கிற மாதிரி ஒரு வார்த்தை இல்லை. பொய் சொன்னோம் என்கிற கூச்சமும் இல்லை. அவர் கணக்கில் அவர் பொய்யே சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பாடித் தருகிறேன் என்றேன். ஆனால் அதற்கு முன்னால், இப்போது என்னிடம் சொன்னதைக் கமிட்டியில் வந்து சொல்ல வேண்டும் என்றேன். அவர் ஸ்பூலைப் பையில் போட்டு, பையின் வாயை இரண்டு மூன்று தடவை சுருட்டினார். வெள்ளிக்கிழமை காலையில் பத்து மணிக்கு வருகிறேன் என்றார். நான் அவரைக் கேட்வரைகூடக் கொண்டுபோய் விடவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஒன்பதரைக்கே கோயிலுக்குப் போனேன். தலைவரிடமும் சொல்லியிருந்தேன். தலைவர் வந்து பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்துவிட்டு, வேலை இருக்கிறது, ஆள் வந்தால் சொல்லியனுப்பு என்று எழுந்து போனார். பன்னிரண்டு மணிக்கு உச்சிக்கால பூஜை முடிந்தது. பூசாரி விளக்கைத் தூண்டிவிட்டு வந்து, நடை சாத்தப் போகிறேன் டீச்சர், யாருக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

யாருக்காகவும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, சுற்றிப் போகாமல், அந்தக் கோயில் தெரு வழியாகவே நடந்து வீட்டுக்கு வந்தேன்.